அதிர்வுச் சல்லடை: முதல் தடவை ஓட்டுகிறவர்களுக்கான செய்முறை

வைப்ரோ சிஃப்டர் என்கிற அதிர்வுச் சல்லடையில் எது கோளாறானாலும் முதல் பழி வலையின் மேல்தான் விழும். தூள் சரியாக இறங்கவில்லையா, வலையை மாற்று. கப்பியோடு (வலையில் இறங்காமல் மேலே நிற்கும் பெரிய துகள்களோடு) நல்ல சரக்கும் போகிறதா, அதற்கும் வலையை மாற்று. வலை தேய்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பிரச்சினைகள் சரக்கு வலைமேல் எப்படி நகர்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில்தான் இருக்கின்றன. அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இந்தப் பதிவு பெரும்பாலும் வட்ட வடிவ அதிர்வுச் சல்லடையைப் பற்றியது. புதிதாகச் சேர்கிறவர்கள் கையில் முதலில் கிடைப்பது அதுதான். நீள்சதுரச் சல்லடைக்கும் ஸ்லரிக்கும் (தூளும் நீரும் கலந்த குழம்புக்கும்) கீழே தனித்தனிப் பகுதி இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

அடியில் ஒரு நிலையான சட்டகம். அதன் மேல் சுற்றிலும் ஸ்பிரிங்குகள். ஸ்பிரிங்குகளின் மேல் மோட்டாரோடு சேர்ந்த மேல்பகுதி முழுவதும் மிதந்தபடி நிற்கிறது. மோட்டாரின் ஷாஃப்ட் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும். இரு முனையிலும் மையம் விலகிய எடை ஒன்று. மோட்டார் சுற்றும்போது இந்த எடைகள் இயந்திரத்தை இழுத்தடிக்கின்றன, அதுதான் அதிர்வு.

மேல் எடையின் வேலை கிடைமட்ட அசைவு: சரக்கை நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளுகிறது. கீழ் எடையின் வேலை செங்குத்து அசைவு: சரக்கைத் தூக்கிப் போட்டுப் புரட்டுகிறது. புரளும்போது சிறு துகள் அடிக்குப் போகும், பெரியது மேலே வரும். ஒரு டப்பாவில் பெரிய மணியும் சின்ன மணியும் போட்டுக் குலுக்கினால் நடப்பதும் இதேதான். அடிக்கு வந்த சிறு துகளுக்குத்தான் வலைக்கண்ணைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கிறது.

படி 1: சரக்கைச் சோதித்துப் பாருங்கள்

இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் சரக்கில் ஒரு மாதிரி எடுத்து, ஆய்வகச் சோதனைச் சல்லடைகளை அடுக்கிச் சலித்து, ஒவ்வொன்றிலும் நின்றதை எடைபோடுங்கள். ஐஎஸ்ஓ 3310 அல்லது ஏஎஸ்டிஎம் இ11 தரத்தில் வரும் சல்லடைகளே இதற்குச் சரி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வலைக்கண்ணில் பாதிக்கும் சிறிய துகள் சிரமமில்லாமல் இறங்கிவிடும். கண்ணைப் போல ஒன்றரை மடங்குக்கு மேலான துகள் உருண்டு ஓடிவிடும். இடைப்பட்ட கூட்டம்தான் தொல்லை. கண்ணளவுக்குக் கொஞ்சம் சிறியது பல முறை முட்டி மோதித்தான் இறங்கும். கொஞ்சம் பெரியது கண்ணிலேயே ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். உங்கள் சரக்கில் இந்தக் கூட்டம் அதிகமென்றால், இயந்திரத்தின் கொள்ளளவு என்று தாளில் போட்டிருப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஈரத்தையும் பாருங்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கட்டியாக நிற்கிற தூள் வலையிலும் அப்படித்தான் அப்பும்.

படி 2: வலையைத் தேர்ந்தெடுங்கள்

மெஷ் என்பது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்ற எண்ணிக்கை. கண்ணின் அளவைக் கண்டுபிடிக்க 25.4-ஐ மெஷ் எண்ணால் வகுத்து, அதிலிருந்து கம்பியின் தடிமனைக் கழிக்க வேண்டும். அந்தக் கழித்தலைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

10 மெஷ் வலையையே எடுத்துக்கொள்வோம். கம்பி 0.54 மி.மீ. என்றால் கண் 2.0 மி.மீ. கம்பி 0.89 மி.மீ. என்றால் கண் 1.65 மி.மீ. இரண்டும் 10 மெஷ்தான், ஆனால் துகளைப் பிரிக்கும் அளவு வேறு. முதல் வலையின் பரப்பில் 62 சதவீதம் திறப்பு, இரண்டாவதில் 42 சதவீதம்தான். மெல்லிய கம்பி வேகமாகச் சலிக்கும், சீக்கிரம் கிழியும். தடித்த கம்பி உழைக்கும், மெதுவாகச் சலிக்கும். ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது மெஷ் எண்ணை மட்டும் எழுதாமல் கண்ணளவும் கம்பித் தடிமனும் சேர்த்து எழுதுங்கள்.

சோதனைச் சல்லடை அளவில் மனத்தில் வைத்துக்கொள்ள நாலு எண்கள்: 20 மெஷ் 850 மைக்ரான், 60 மெஷ் 250, 100 மெஷ் 150, 200 மெஷ் 75.

இன்னொன்று. வலை கிழிந்தால் கம்பித் துண்டு சரக்கில் கலக்கும். கீழே காந்தம் வைத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 304, 316 ரக ஸ்டெயின்லெஸ் கம்பியைக் காந்தம் சரியாகப் பிடிக்காது. காந்தத்தில் சிக்க வேண்டுமென்றால் 430 ரக வலை கேளுங்கள்.

படி 3: வலையை மாட்டுங்கள்

மின்சாரத்தை அணைத்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை உங்கள் பையில் வையுங்கள். அப்புறம்தான் வலையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பைத் தொட வேண்டும்.

வலையை விரலால் தட்டிப் பாருங்கள். மேளத்தோல் போல விறைப்பான ஓசை வர வேண்டும். தொளதொளவென்று இருந்தால், எவ்வளவு புதியதாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தளர்ந்த வலை ஒவ்வொரு அதிர்வுக்கும் மடங்கி மடங்கி, கடைசியில் விளிம்போரம் கம்பி அறுந்துவிடும்.

கேஸ்கெட் (ஓரக் கசிவை அடைக்கும் வளையம்) முறுக்காமல் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். கிளாம்ப் வளையத்தை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். கொஞ்சம் இறுக்கி, ரப்பர் சுத்தியலால் வளையத்தைச் சுற்றிலும் தட்டி, மறுபடி இறுக்கி, மறுபடி தட்ட வேண்டும். தட்டத் தட்ட வளையம் படியும், போல்ட் இன்னும் கொஞ்சம் சுற்றும். அது நிற்கும்வரை செய்யுங்கள். இயந்திரம் சில மணி நேரம் ஓடிய பிறகு நிறுத்தி இன்னொரு முறை இறுக்குங்கள். புது கேஸ்கெட் என்றால் கட்டாயம் அமுங்கியிருக்கும்.

மேலிருந்து வரும் குழாய்க்கும் இயந்திரத்துக்கும் நடுவில் மெத்தென்ற துணி அல்லது ரப்பர் ஸ்லீவ்தான் இருக்க வேண்டும். எங்காவது இரும்பு இரும்போடு தொட்டால் அதிர்வு கட்டிடத்துக்குப் போய்விடும், சரக்குக்குக் கிடைக்காது. உலர்ந்த தூள் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். பல தூள்கள் காற்றில் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும் தன்மை உள்ளவை. ஸ்லீவின் இரு பக்கத்தையும் இணைக்கும் எர்த் கம்பி இல்லாமல் ஓட்டவே கூடாது.

படி 4: வெறும் ஓட்டம்

சரக்கு போடாமல் ஓட்டுங்கள். முதலில் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். உடம்பில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஃபேஸ் மாறி எதிர்ப்பக்கம் சுற்றினாலும் இயந்திரம் நன்றாகத்தான் அதிரும். ஆனால் நீங்கள் வைத்த எடைக்கோணத்துக்கு (படி 5-இல் வருகிறது) நேர்மாறாகச் சரக்கு நடக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் நாள்கணக்கில் எடையைத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அடுத்து அசைவை அளக்க வேண்டும். இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரோக் (அசைவின் முழு நீளம்) காட்டும் ஸ்டிக்கர் போதும். இல்லையென்றால் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, பென்சிலை அசையாத ஒரு தாங்கியில் ஊன்றி, முனையை ஒரு கணம் தாளில் தொட்டு எடுங்கள். தாளில் சின்ன நீள்வட்டம் ஒன்று விழும். அகலம் கிடைமட்ட அசைவு, உயரம் செங்குத்து அசைவு. சுற்றிலும் நாலு இடத்தில் வரைந்து பாருங்கள், நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சப்பையாக விழுந்தால் அங்கே ஸ்பிரிங் போயிருக்கிறது, அல்லது ஏதோ தொடுகிறது.

இந்த அளவிலிருந்து விசையையும் கணக்கிடலாம். மி.மீ.-இல் உள்ள ஸ்ட்ரோக்கை, நிமிடச் சுற்று எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, 17,90,000-ஆல் வகுத்தால் புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்று வரும். 960 சுற்றில் 8 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் ஏறக்குறைய 4.1 மடங்கு. இதைக் கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஓர் எல்லைக்கு மேல் துகள் வலைமேல் பறந்துகொண்டிருக்குமே தவிர இறங்காது. பேரிங்கும் சட்டகமும்தான் அடிவாங்கும்.

படி 5: எடைகளைத் திருப்புங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

மேல் எடைக்கும் கீழ் எடைக்கும் நடுவில் உள்ள கோணத்தை லீட் ஆங்கிள் என்பார்கள். சரக்கு வலைமேல் எந்தப் பாதையில் போகும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. கோணம் 0 என்றால் நடுவில் விழுந்த சரக்கு நேராக விளிம்புக்கு ஓடிவிடும். சீக்கிரம் வெளியேறும், சரியாகச் சலிக்காது. 15 பாகையில் பாதை வளையத் தொடங்கும். 35 பாகை வாக்கில் அழகான சுருள் பாதை கிடைக்கும், உலர்ந்த தூளுக்குப் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவார்கள். கூட்டக் கூட்டச் சுருள் நெருக்கமாகி, 90-ஐ நெருங்கும்போது கப்பி வெளியே போகாமல் வலைமேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

35-இல் வைத்து, ஒரு பிடிச் சரக்கை நடுவில் போட்டு, மேல்மூடியின் பார்வைத் துளை வழியாகக் கவனியுங்கள். கப்பியோடு நல்ல சரக்கும் வெளியே போனால் கோணத்தை 5 பாகை கூட்டுங்கள். கப்பி வெளியேறாமல் தேங்கினால் 5 பாகை குறையுங்கள். ஒவ்வொரு முறையும் பூட்டுப் போட்டுத்தான், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். கோணத்தையும் எடையின் அளவையும் சேர்த்து மாற்றினால் எதனால் எது நடந்தது என்று தெரியாமல் போகும்.

கோணத்தில் தீராவிட்டால் எடைத் தகடுகளுக்கு வாருங்கள். மேல் எடையைக் கூட்டினால் கப்பி வேகமாக வெளியேறும். கீழ் எடையைக் கூட்டினால் புரளல் அதிகமாகும், கண்ணடைப்பு குறையும். எதை வைத்தாலும், தகடுகளின் எண்ணிக்கையையும் கோணத்தையும் ஒரு சீட்டில் எழுதி இயந்திரத்திலேயே கட்டிவிடுங்கள். அடுத்த ஷிஃப்ட்காரர் வாழ்த்துவார்.

படி 6: சரக்கு ஊட்டுங்கள்

நடுவில், சீராக, குறைந்த உயரத்திலிருந்து. வேறு ரகசியம் இல்லை. மூட்டையைக் கவிழ்த்தால் குவியலின் எடையே வலையைத் தொய்ய வைத்துவிடும். குவியலின் மேலுள்ள சிறு துகள் வலையைத் தொடாமலே விளிம்பைத் தாண்டிவிடும். கப்பி வெளியேறும் இடத்தில் சரக்குப் படுக்கையின் தடிமன் வலைக்கண்ணைப் போல நாலு மடங்குக்குள் இருக்கட்டும் என்பது பழைய விதி. மிக நுண்ணிய வலைகளில் அதை அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது, ஆனால் கனமாக ஓட்டாதே என்ற புத்தி அதிலிருந்து வரும்.

படி 7: கணக்குப் பார்த்துச் சரிபாருங்கள்

100 கிலோ போட்டீர்கள். படி 1-இன் சோதனைப்படி அதில் 70 கிலோ கண்ணைவிடச் சிறியது. கீழே 63 கிலோ வந்தது. அப்படியானால் செயல்திறன் 90 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே நின்ற 37 கிலோ கப்பியில் 7 கிலோ நல்ல சரக்கு, அதாவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. கப்பியைத் திரும்ப அரைக்கிறீர்கள் என்றால் பரவாயில்லை. வீசி எறிகிறீர்கள் என்றால் படி 5-க்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

கீழே வந்த சரக்கில் திடீரென்று பெரிய துகள் தென்பட்டால் கோணத்தைத் தொடாதீர்கள். வலை கிழிந்திருக்கிறது, அல்லது கேஸ்கெட் ஓரமாகக் கசிகிறது.

கண்ணடைப்பு வந்தால்

வலைக்கடியில் துளைத்தகடு வைத்து அதில் ரப்பர் பந்துகள் போடுவார்கள். அவை குதித்துக் குதித்து அடியிலிருந்து தட்டி, சிக்கியதை வெளியேற்றும். பந்துகள் தேய்ந்து சிறுத்தால் பலன் போய்விடும், தேய்ந்த ரப்பரும் சரக்கில் கலக்கும். மாதத்துக்கு ஒரு முறையாவது எண்ணிப் பாருங்கள். நார்ப் பொருளுக்குப் பந்தைவிட வலையடியில் வழுக்கியோடும் வளையங்கள் நன்றாக வேலை செய்யும். 100 மைக்ரானுக்குக் கீழான உலர் தூளுக்கு அல்ட்ராசோனிக் வசதி இருக்கிறது. வலைச் சட்டத்தில் ஏறக்குறைய 35 கிலோஹெர்ட்ஸ் அதிர்வைச் சேர்த்து, துகள் கம்பியில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஈரத்தால் வந்த அடைப்புக்கு இவை எதுவும் முழுத்தீர்வு இல்லை. உலர்த்திவிட்டுச் சலியுங்கள், அல்லது ஒரேயடியாக நீர் சேர்த்து ஸ்லரியாக ஓட்டுங்கள்.

நீள்சதுரச் சல்லடை பற்றிச் சுருக்கமாக

கிடைமட்டமான நேர்கோட்டு வகையில் பெரும்பாலும் இரண்டு வைப்ரேட்டர் மோட்டார்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். இரண்டையும் பல்சக்கரம் போட்டு இணைக்காவிட்டாலும், ஒரே சட்டகத்தில் இருப்பதாலேயே ஒத்த தாளத்துக்கு வந்துவிடும். ஒரே மரச்சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் இப்படி ஒத்திசைவதை கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1665-இலேயே கவனித்தார். பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று ரத்துசெய்ய, சாய்வான நேர்கோட்டு அசைவு மட்டும் மிஞ்சும். இரண்டு மோட்டாரும் ஒரே பக்கம் சுற்றும்படி இணைப்புக் கொடுத்துவிட்டால் சரக்கு நகராது. முதல் நாளே இதைப் பாருங்கள்.

ஸ்லரிக்கு

பம்ப்பிலிருந்து வரும் ஸ்லரி வலையில் நேரடியாகப் பாயக் கூடாது, நுண்வலை சில நாளில் கிழியும். வேகத்தை அடக்கிப் பரப்பிவிடும் தட்டு ஒன்று நடுவில் வேண்டும். தொடங்குமுன் வலையை நீரால் நனையுங்கள். உலர்ந்த நுண்வலையின் கண்களில் பரப்பிழுவிசை காரணமாக நீர் பாலம் கட்டி நிற்கும், ஸ்லரி வலைமேலேயே ஓடி விளிம்பைத் தாண்டும்.

ஓடும்போது வலைமேல் ஈரம் பளபளக்கும் எல்லையைக் கவனியுங்கள். விளிம்புக்கு முன்னால் பளபளப்பு அடங்கி, மங்கலான திடப்பொருள் பட்டை தெரிய வேண்டும். பளபளப்பு விளிம்பைத் தொட்டால் ஊட்டத்தைக் குறையுங்கள், அல்லது லீட் ஆங்கிளைக் கூட்டித் தங்கும் நேரத்தை நீட்டுங்கள். மாறாக, பட்டை அகன்று, திடப்பொருள் உருண்டையாகத் திரண்டு நகராமல் நின்றால் கோணத்தைக் குறையுங்கள். உருண்டைக்குள் நல்ல சரக்கு மாட்டிக்கொள்கிறது என்றால் மெல்லிய நீர்த்தெளிப்பு கொடுங்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களில் சேற்றிலிருந்து பாறைத் துணுக்கைப் பிரிக்கும் நீள்சதுர ஷேல் ஷேக்கர்களிலும் பார்வை இதேதான்: வலை நீளத்தில் முக்கால் பங்கு நனைந்து, கடைசிக் கால் பங்கு உலர்ந்திருக்க வேண்டும்.

நிறுத்தும்போது முதலில் ஊட்டத்தை மூடி, வலை காலியாகும்வரை ஓடவிட்டு, ஸ்லரி என்றால் தெளிப்பால் கழுவி, பிறகு மோட்டாரை அணையுங்கள். வேகம் குறைந்து வரும்போது ஸ்பிரிங்குகளின் இயல்பு அதிர்வெண்ணைக் கடக்கும் அந்தச் சில நொடிகள் இயந்திரம் தாறுமாறாக ஆடும். அது இயல்புதான். ஆனால் வலைமேல் சரக்கு இருக்கும்போது அப்படி ஆடினால் வலைக்கும் ஸ்பிரிங்குக்கும் கேடு. ஆட்டம் முழுதாக அடங்கும்வரை யாரும் பக்கத்தில் போக வேண்டாம். கழுவாமல் விட்ட ஸ்லரி மறுநாள் கண்ணுக்குள் காய்ந்து இறுகியிருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் வலை போய்விடும், ஊறவைத்து அடிப்பக்கத்திலிருந்து நீர் பீய்ச்சுங்கள்.