மேட்டுக்காணியில் உழுந்து: முதல் தடவை விதைப்பவர்களுக்கு

வன்னியில் குளத்து நீர் பாயும் வயலுக்கு நெல் இருக்கிறது. நீர் ஏறாத மேட்டுக்காணிக்கு உழுந்துதான். மாரி மழையை மட்டும் நம்பி, 70 முதல் 80 நாளில் கையில் காசு தருகிற பயிர் வேறு அதிகமில்லை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் அரை ஏக்கர் சும்மா கிடந்தால் இந்தக் காலபோகத்திலேயே, அதாவது மாரி மழைப் போகத்திலேயே, தொடங்குங்கள்.

முதலில் விதைக்கும் நாளைப் பாருங்கள். பாதி வேலை அதில்தான். ஐப்பசியின் முதல் மழைக்கே அவசரப்பட்டு விதைத்தால், காய் முற்றும் நேரம் மார்கழி அடைமழையில் அகப்படும். எங்கள் காணியில் ஒரு வருடம் அப்படித்தான் நடந்தது. காய்க்குள்ளேயே முளைவிட்ட உழுந்தை வியாபாரி கையாலும் தொடவில்லை. ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் தைப்பொங்கல் கழிந்து, வெயில் ஏறும்போது அறுவடை வரும்.

இரண்டு தடவை உழுது கட்டி உடைத்து, வடிகால் வெட்டுங்கள். தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ விதை போதும். வீசி விதைப்பது சுலபம்தான். ஆனாலும் வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர் விட்டு ஊன்றினால் களை பிடுங்க இடமிருக்கும். முதல் நான்கு கிழமைக்குள் களையை எடுத்துவிடுங்கள்.

பூக்கும் நாளில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் பக்டீரியா அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். யூரியாவுக்குக் கடன் வாங்கும் விவசாயிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாகப் படர்ந்தால் அந்தச் செடியை உடனே பிடுங்கி அழியுங்கள். வெள்ளை ஈ பரப்பும் அந்த வைரசு நோய்க்கு மருந்து இல்லை.

காய்கள் பெரும்பாலும் கறுத்ததும், பனி ஈரம் காயுமுன் காலையிலேயே பிடுங்குங்கள். வெயிலில் காய் வெடித்துச் சிதறும். படங்கில் பரப்பிக் காயவிட்டு, தடியால் அடித்து, சுளகில் புடையுங்கள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். நசுங்கினால் இன்னும் ஈரம். ‘டக்’ என்று உடைந்தால் மூட்டை கட்டலாம். அடுத்த போகத்துக்கான விதையை மட்டும் தனியாக, காற்றுப் புகாத கொள்கலனில் வையுங்கள்.