அரசியலமைப்பு வக்கீலாக வேண்டுமா? முதலில் முன்சீப் கோர்ட்டுக்குப் போங்கள்

நாகர்கோவில் பக்கம் சட்டம் படிக்கிற பிள்ளைகளிடம் பேசினால் எல்லாருக்கும் ரிட், அதாவது அரசின் செயலை எதிர்த்து உயர், உச்ச நீதிமன்றங்களில் நேராகப் போடுகிற மனு, போட ஆசை. அடிப்படை உரிமை, உச்ச நீதிமன்றம், டிவியில் பேட்டி. தப்பில்லை. ஆனால் அங்கே போகிற வழி நம் ஊரிலிருந்து பார்த்தால் இரணியல், குழித்துறை, பத்மநாபபுரம் முன்சீப் கோர்ட்டுகள், அதாவது சிவில் வழக்குகள் தொடங்குகிற கீழ்க் கோர்ட்டுகள் வழியாகத்தான் போகிறது என்பது என் கட்சி.

படிப்பு விஷயம் சுருக்கம்தான். பிளஸ் டூ முடித்தால் ஐந்து வருடம், டிகிரி முடித்தால் மூன்று வருடம், பக்கத்திலேயே திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிறகு பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை, சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீனியரைத் தேடும்போது பெரிய பெயரைப் பார்க்காதீர்கள், அவருடைய அலமாரியைப் பாருங்கள். பாகப்பிரிவினை, வழிப்பாதை, ஒற்றி மீட்பு என்று பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கியிருந்தால் அங்கே சேருங்கள். முதல் வருடம் காசு வராது, பஸ் காசு வந்தால் சந்தோஷம். குமாஸ்தாவிடம் மரியாதையாக இருங்கள், எந்தப் பேப்பர் ஏன் திரும்பி வருகிறது என்பது கல்லூரிப் பேராசிரியரைவிட அவருக்குத் தெரியும். கோர்ட்டுக்காக இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்கிற ஆணையர் வேலை கிடைத்தால் விடாதீர்கள். சர்வேயரோடு நின்று எல்லைக்கல்லைத் தேடுகிற அந்த ஒரு மத்தியானத்தில், சொத்து வழக்கு என்றால் என்ன என்று புரிந்துவிடும்.

அப்புறம் மலையாளம் வாசிக்கப் பழகுங்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவர்கள், பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்கிற மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, சிங்கம் (ஆவணி) மாதம் தொடங்கி டிசம்பர் வரை என்றால் 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடியும் வரை 825. நான் ஜூனியராக இருந்தபோது 1112 கன்னி (புரட்டாசி) மாதப் பத்திரத்துக்கு 825 கூட்டி, 1936-க்குப் பதில் 1937 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சீனியர் இறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மக்கா, செத்துப்போன ஆளு எழுந்து வந்து கையெழுத்துப் போட்டாரா?" என்றார். அதிலிருந்து தேதிப் பட்டியல் போடாமல் எந்த வழக்கையும் நான் தொடுவதில்லை.

இதெல்லாம் அரசியலமைப்புக்கு எதற்கு என்று கேட்பீர்கள். தகப்பன் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கேட்ட மேரி ராய் வழக்கை எடுத்துப் படியுங்கள். 1092-ஆம் ஆண்டு, அதாவது 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால்பாகம் அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்றது. நம் மாவட்டத்துப் பழைய பாகக் கட்டுகளிலும் இந்தச் சட்டத்தின் பெயர் வரும். மேரி ராய் தரப்பில் வாதாடியவர் இந்திரா ஜெய்சிங். சமத்துவ உரிமையான 14-ஆம் பிரிவை வைத்துப் போட்ட மனு, ஆனால் 1986-இல் ஜெயித்தது அந்தப் பிரிவால் அல்ல. 1951-இல் இந்தியச் சட்டங்களை திருவிதாங்கூர்-கொச்சி போன்ற பி பிரிவு மாநிலங்களுக்கு நீட்டித்தபோதே பழைய சட்டம் ரத்தாகிவிட்டது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது நீதிமன்றம். 14-ஆம் பிரிவுக்குள் போகவே தேவைப்படவில்லை. நாட்டையே பேசவைத்த வழக்கு ஒரு ரத்துப் பிரிவில் தீர்ந்தது, அதைத் தேடிப் பிடிக்கிற கண் முன்சீப் கோர்ட்டில்தான் பழகும்.

இன்னொன்று. பட்டாவில் பெயர் மாற்றிவிட்டார்கள் என்று நேராக அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் போட உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஓடுகிறவர்கள் நிறைய. யாருக்குச் சொத்து பாத்தியம் என்ற சண்டை இருந்தால், சாட்சி விசாரிக்க வேண்டியதை ரிட்டில் பார்க்க மாட்டார்கள், சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுவார்கள், கட்சிக்காரருக்குப் பணமும் காலமும் போனதுதான் மிச்சம். அதேபோல இரண்டாம் மேல்முறையீட்டில், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கீழே குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்டதை மேலே போய்க் கேட்க முடியாது. அரசு மேல் வழக்கு என்றால் அதே சட்டத்தின் 80-ஆம் பிரிவு நோட்டீஸ் முதலில் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், மறக்காதீர்கள்.

நான்கைந்து வருடம் இப்படி ஓடிய பிறகு மதுரைக்குப் போங்கள், 2004 ஜூலையில் கிளை திறந்ததிலிருந்து சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. டெல்லிதான் கனவு என்றால், அங்கே மனுத் தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்ட் ஆக வேண்டும்: நான்கு வருடத் தொழில், அப்புறம் ஒருவரிடம் ஒரு வருடப் பயிற்சி, அதன்மேல் தேர்வு. எங்கே போனாலும் ஊர் சீனியரின் போனை எடுக்காமல் விடாதீர்கள். மதுரையில் புதிதாக நாற்காலி போட்டு உட்கார்ந்தவருக்கு முதல் கட்டு பெரும்பாலும் நாகர்கோவில் பஸ்ஸில்தான் வரும்.