வாழைப்பழம் உரிப்பதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

உரித்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவான் என்று ஆளைக் கிண்டல் செய்ய 'வாழைப்பழச் சோம்பேறி' என்கிறோம். அவ்வளவு சுலபமான வேலை. ஆனாலும் கல்யாணப் பந்தியில் பாருங்கள், இலையில் வைத்த பழத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டு நாலு பேராவது இருப்பார்கள்.

கழுத்தை நெரிப்பதுதான் முதல் தப்பு. முழுதாகப் பழுக்காத பழத்தில் காம்பு முறியாது, ரப்பர் மாதிரி வளையும். இன்னும் அழுத்தினால் தோல் அப்படியே இருக்க, உள்ளே சதை நசுங்கிக் கூழாகிவிடும். பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, பூ உதிர்ந்த கறுத்த நுனியை இரண்டு விரலால் கிள்ளுங்கள். தோல் அங்கேயே இரண்டாகப் பிளந்து வழிவிடும். காம்பு கைப்பிடியாகவும் ஆகிவிடுகிறது. சாமிக்குப் படைக்கும்போது என் பாட்டி இப்படித்தான் நுனியைக் கிள்ளி வைப்பார். குரங்கும் இப்படித்தான் உரிக்கும் என்பார்கள். அழகர்கோவில் மலையில் நான் பார்த்த குரங்குகளுக்கு அந்தப் பொறுமையெல்லாம் இல்லை.

நிறத்தைப் பார்த்து உரிப்பது அடுத்த தப்பு. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கணக்கு. பச்சைப்பழம் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே கனிந்திருக்கும். மஞ்சளாகட்டும் என்று காத்திருந்தால் அழுகிவிடும். தொட்டுப் பார்ப்பதுதான் வழி. நேந்திரம் நேர் எதிர். மஞ்சளாக, பளபளவென்று இருக்கும்போது உரித்தால் மாவைத் தின்பது போல இருக்கும். கரும்புள்ளி விழுந்து தோல் சுருங்கட்டும். சிறுமலைப் பழம் கறுத்துப்போய் வாடிக் கிடக்கும், ஏமாந்து ஒதுக்கிவிடாதீர்கள். ரஸ்தாளி நன்றாகப் பழுத்தால் சீப்பிலிருந்து தானே உதிரும். அதில் சில சமயம் நடுவில் கல் மாதிரி கட்டி தட்டுப்படுவது அந்த ரகத்துக்கே உள்ள கோளாறு. நீங்கள் உரித்த விதத்தில் குற்றமில்லை.

சீப்பிலிருந்து பழத்தைப் பிய்த்து இழுக்கும் பழக்கமும் வேண்டாம். கழுத்தில் தோல் கிழிந்து, திறந்த இடத்தில் கறுக்க ஆரம்பிக்கும். எறும்புக்கும் அழைப்பு வைத்த மாதிரி. கத்தியால் காம்போடு நறுக்கி எடுத்தால் மற்ற பழங்களும் தப்பிக்கும்.

ஃபிரிட்ஜில் வைத்த பழம் தோல் கறுத்துவிட்டதென்று குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. குளிர் தாங்காமல் கறுத்தது தோல்தான். பழுத்த பிறகு உள்ளே வைத்ததென்றால் சதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காயாக இருக்கும்போதே உள்ளே வைத்தால்தான் சிக்கல், பிறகு அது ஒழுங்காகப் பழுக்காது.

உரித்த பழத்தில் ஒட்டியிருக்கும் நாரைப் பற்றிக் கவலையே வேண்டாம். இலையில் தயாரான சத்தைக் காய்க்குக் கொண்டுவந்த குழாய்கள்தான் அவை. தின்றால் ஒன்றும் ஆகாது.

வாழைக்காய்க்கு இந்த யுக்தியெல்லாம் பலிக்காது. தோல் சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுங்கையால் தொட்டால் பால் பிசுபிசுக்கும், சட்டையில் பட்டால் அந்தக் கறை போகவே போகாது. கையில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி, நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. சீவிய தோலை வதக்கி, உளுத்தம்பருப்பும் மிளகாயும் புளியும் சேர்த்து அரைத்தால் துவையல்.

பழத்தோல்? எங்கள் தெருவில் அதற்கென்றே ஒரு மாடு காலை எட்டு மணிக்கு வந்து வாசலில் நிற்கிறது.