‘ஃபிளஷ்’ என்றால் கொழுந்தா, கதவா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், கோடை மழைக்குப் பின் செடிகளின் மேல்மட்டம் முழுவதும் இளம்பச்சையாகத் துளிர்த்து வருவதை ‘ஃபிளஷ்’ என்பார்கள். பறிப்பவர் விரல் நுனியால் கிள்ளி எடுக்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் அந்தத் துளிரின் நுனிதான். இந்தப் பொருளோடு வளரும் நம் மலைப்பிள்ளைகள், அதே சொல்லை ஆங்கிலப் பாடத்தில் வேறு இடத்தில் காணும்போது தடுமாறுவது இயல்பே.

கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிடுவதும், தச்சர் சொல்லும் ‘ஃபிளஷ் டோர்’ என்ற சமதளக் கதவும் எல்லோருக்கும் தெரிந்தவை. ‘ஃபிளஷ் வித்’ என்று வரும்போதுதான் கவனம் தேவை. அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். சுவர், தரை போன்ற பரப்பு வந்தால், சுவருக்குள் பதித்த சுவிட்ச் பெட்டியைத் தடவும்போது விரலில் விளிம்பு தட்டாதிருப்பதைப் போல, அதனோடு ஒரே மட்டமாக இருப்பது என்று பொருள். பணம் வந்தால், கையில் தாராளமாக இருப்பது. கோபமோ வெட்கமோ வந்தால் முகம் சிவப்பது. அப்போது மட்டும் அது வினைச்சொல்லாகி, பெரும்பாலும் ‘ஃபிளஷ்டு’ என்று இறந்தகால வடிவில் நிற்கும், மற்ற இரண்டிலும் அது பெயரடை.