டைம்ஷேர் புகார்கள்: எங்கே கோட்டை விடுகிறோம்

டைம்ஷேர் வாங்கி நொந்தவர்கள் எழுதும் புகார்களை நாலைந்து வரிசையாகப் படித்தாலே ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். நாடு வேறு, கம்பெனி வேறு, தொகை வேறு, ஆனால் வாடிக்கையாளர் சொல்வது ஒன்றேதான்: "அன்னைக்கு அப்படிச் சொல்லலையே!" கம்பெனியின் பதிலும் மாறாது: "நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அப்படித்தான் இருக்கிறது." வாயால் சொன்னதற்கும் தாளில் இருப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்தில்தான் பணம் போகிறது. நான் இங்கே சொல்லப்போகும் தவறுகள், வாங்கும்போது செய்பவையும் சரி, அப்புறம் புகார் கொடுக்கும்போது செய்பவையும் சரி, எல்லாமே அந்த இடைவெளியைக் கவனிக்காமல் விடுவதால் வருகிறவை.

டைம்ஷேர் என்றால் ஒரு விடுதியில் வருடத்துக்கு ஒரு வாரமோ, அதற்குச் சமமாக, தங்கலுக்கு மாற்றிக்கொள்ளும் பாயிண்ட்டுகளோ, முன்கூட்டியே பல வருடங்களுக்கு விலை கொடுத்து வாங்கிவிடுவது. இந்த ஏற்பாடு 1960களில் ஐரோப்பாவில் கிளம்பியது. சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் என்ற நிறுவனம் 1963இல் தொடங்கியது. யோசனை ஒன்றும் மோசமில்லை. வருடாவருடம் ஒரே இடத்துக்கு, ஒரே மாதத்தில் போய்த் தங்குகிற குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகவும் கூடும். வில்லங்கம் விற்கும் முறையில் இருக்கிறது.

முதல் தவறு, பரிசுக்காகப் போவது. "90 நிமிஷம் உட்கார்ந்து கேட்டால் போதும், இலவசத் தங்கல் வவுச்சர்" என்று கூப்பிடுவார்கள். நானும் ஒருமுறை போனேன், வேண்டாம் என்று சொல்லத் தெரியாதா என்ன என்கிற தைரியத்தில். நாலு மணி நேரம் ஆனது. முதலில் வந்த பையன் மிக நல்லவன். குழந்தைகள் எந்த வகுப்பு, கடைசியாக எங்கே போனீர்கள் என்றெல்லாம் விசாரித்தான். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வருடத்துக்கு விடுதிக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று கேட்டு, நான் சொன்ன எண்ணை 20ஆல் பெருக்கி, விடையைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டான். "இது எல்லாம் வாடகை சார், கையில ஒண்ணும் மிஞ்சாது." நான் தலையாட்டியதும் எழுந்து போய் ஒரு மேனேஜரைக் கூட்டி வந்தான். அவர் வந்ததும் விலை பாதிக்குப் பக்கமாக இறங்கியது. இந்தத் தொழிலில் இப்படி இரண்டாவதாக வருபவரை டி.ஓ. என்பார்கள், அதாவது மேஜையைக் கைமாற்றிக்கொள்பவர். பேரத்தை முடிப்பதுதான் அவர் வேலை. அவரிடமும் தப்பித்து வெளியே வந்தால், வாசலருகே ஒருவர் "சும்மா ஒரு சர்வே" என்று உட்கார வைத்து, சின்ன விலையில் ஒரு டிரையல் பேக்கேஜ் காட்டினார். வவுச்சர் கிடைத்தது. விடுமுறை நாட்களிலும் வார இறுதியிலும் செல்லாது என்று பின்பக்கம் போட்டிருந்தது.

அந்த வட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு வரலாமா என்று கேட்டேன், தரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு எழுதிக் காட்டும் எதையும் கையில் தரமாட்டார்கள் என்பதே உங்களுக்குப் போதுமான தகவல். "இந்த விலை இன்னைக்கு மட்டும்தான்" என்று சொல்லும்போதும் அதே கதை. வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படித்துவிட்டு வருகிறேன் என்று ஒப்பந்த நகலைக் கேளுங்கள். முடியாது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தவறுதான் பின்னால் புகாரையே கொன்றுவிடுகிறது. வாங்க ஒப்புக்கொண்டதும் விற்றவர் எழுந்துவிடுவார், வேறொருவர் தாள்களோடு வருவார். சரிபார்ப்பு என்பார்கள், சில இடங்களில் வீடியோவும் எடுப்பார்கள். அதில் ஒரு பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன வாக்கியங்கள் இருக்கும்: "இதை முதலீடாக நினைத்து வாங்கவில்லை." "மறுவிற்பனை பற்றி எனக்கு எந்த வாக்குறுதியும் தரப்படவில்லை." "வாடகைக்கு விட்டு வருமானம் வரும் என்று யாரும் சொல்லவில்லை." ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம். பத்து நிமிடத்துக்கு முன்னால் முதலாமவர் சொன்னதெல்லாம் இங்கே ஒவ்வொன்றாக அழிக்கப்படுகிறது, அழிப்பதும் உங்கள் கையாலேயே. இதோடு, "இந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே எங்களுக்குள் உள்ள உடன்பாடு" என்று ஒரு பிரிவும் இருக்கும். பல நாடுகளில் இப்படி ஒரு பிரிவு இருந்தாலும் பொய் சொல்லி விற்றது பொய்தான், அதைக் கேள்வி கேட்கலாம். ஆனால் பொய் சொன்னார் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும், எதிரில் உங்கள் சுருக்கொப்பமே சாட்சி சொல்லும்.

அதனால் ஒரு எளிய வேலை. விற்பவர் "எந்த வாரம் வேணும்னாலும் புக் பண்ணலாம்" என்று சொன்னால், "நல்லது, அதை இங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று ஒப்பந்தத்தைத் திருப்பி வையுங்கள். எழுதித் தந்தால் சரி. தராவிட்டால் அந்த வாக்கு அங்கேயே காலி. இதைக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை, இவ்வளவு நேரம் நல்லாப் பேசினவரை எப்படிச் சந்தேகப்படுவது என்று ஒரு சங்கோஜம். அந்தச் சங்கோஜத்தை நம்பித்தான் அந்த மேஜையே போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, மாதத் தவணையை மட்டும் பார்த்துவிட்டு மெயின்டனன்ஸ் கட்டணத்தை, அதாவது விடுதிப் பராமரிப்புக்கு வருடாவருடம் வாங்கும் தொகையை, விட்டுவிடுவது. தவணை ஒருநாள் முடியும், மெயின்டனன்ஸ் முடியாது. நீங்கள் போய்த் தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். அது ஏறவும் செய்யும். முதல் வருடக் கட்டணம் 100 என்று வைத்து, வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று போட்டுப் பாருங்கள். 20 வருடத்தில் நீங்கள் கட்டியிருப்பது 2,000 இல்லை, சுமார் 3,300. இருபதால் பெருக்கத் தெரிந்த அந்தப் பையன் இந்தப் பெருக்கலை மட்டும் போட்டுக் காட்டவில்லை. கட்டணம் வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்று உச்சவரம்பு ஏதாவது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

"வேண்டாம்னா வித்துடலாம்" என்பதையும் நம்ப வேண்டாம். ஒரு டாலருக்குக்கூட எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் ஈபேயில் டைம்ஷேர் வாரங்கள் விற்பனைக்குக் கிடப்பதைப் பார்க்கலாம். பரிவர்த்தனைத் திட்டமும் அப்படித்தான். 1974இல் தொடங்கிய ஆர்.சி.ஐ. மாதிரியான நிறுவனங்கள் வழியாக உங்கள் வாரத்தைக் கொடுத்துவிட்டு உலகில் வேறு எங்காவது தங்கலாம், உண்மைதான். ஆனால் நீங்கள் போக நினைக்கும் இடத்தில், அந்தத் தேதியில், வேறொருவர் தன் வாரத்தை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் கடற்கரை வாரத்தை யார் விடுவார்கள்? "உலகம் முழுக்க, எப்போ வேணும்னாலும்" என்று விற்கப்படுவது இதைத்தான்.

காலவரையறையையும் பாருங்கள். சில ஒப்பந்தங்கள் ஆயுள் முழுக்க ஓடும். நமக்குப் பிறகு பிள்ளைகள் தலையில் விழுமோ என்று பயந்துபோய் எழுதுகிற புகார்கள் நிறைய. ஸ்பெயினில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 3 முதல் 50 வருடம் என்று வரம்பு வைத்தது. அதைத் தாண்டிய முடிவில்லா ஒப்பந்தம் செல்லாது என்று 2015 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு பலர் அங்கே வழக்குப் போட்டுப் பணம் திரும்பப் பெற்றார்கள். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை.

இப்போது வாங்கிவிட்டவர்களின் தவறுகளுக்கு வருவோம். இதில் பெரியது, முதல் சில நாட்களை வீணாக்குவது. பல இடங்களில் கையெழுத்துப் போட்ட பிறகும் காரணமே சொல்லாமல் ரத்து செய்ய அவகாசம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டு டைரக்டிவ் (உறுப்பு நாடுகளுக்கான சட்ட உத்தரவு) படி 14 நாள். அந்த நாட்களுக்குள் முன்பணம் வாங்குவதே தடை. ரத்துப் படிவத்தைத் தரவே இல்லையென்றால் அந்த அவகாசம் ஒரு வருடமும் 14 நாளுமாக நீள்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: ஃப்ளோரிடாவில் 10 நாள், கலிஃபோர்னியாவில் 7, நெவாடாவில் 5. மெக்சிகோவில் 5 வேலை நாள். உங்கள் ஒப்பந்தம் எந்த ஊர்ச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை அன்றிரவே பாருங்கள், விடுமுறை முடிந்து ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அவகாசம் விமானத்திலேயே முடிந்துவிடும். விடுமுறைக்கு வந்தவர்களிடம், முதல் நாளோ இரண்டாம் நாளோ விற்பதில் கம்பெனிக்கு இருக்கும் வசதிகளில் இதுவும் ஒன்று.

இங்கே பலர் சறுக்குவது, விற்றவருக்கே போன் போடுவதில். "கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன், திங்கட்கிழமை மேனேஜர் வந்ததும் பேசிடலாம்" என்பார். திங்கட்கிழமைக்குள் நாள் முடிந்திருக்கும். ஒப்பந்தத்தில் ரத்து எப்படி, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கும், அதில் சொன்ன முறையில், எழுத்தில், அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் சான்று கிடைக்கும் விதத்தில் அனுப்புங்கள். கடிதம் ஒரு வரி போதும்: இந்த எண் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், கட்டிய தொகையைத் திருப்பித் தாருங்கள். காரணம் எழுதாதீர்கள். எழுதினால் அந்தக் காரணத்துக்குச் சமாதானம் சொல்லவே ஒருவர் கூப்பிடுவார்.

அவகாசம் போய்விட்டதா? அப்போது புகார்தான், அதை எழுதும் விதத்தில்தான் எல்லாம். பெரும்பாலான புகார்கள் இப்படி இருக்கும்: "இவர்கள் பெரிய மோசடிக் கும்பல், என் சேமிப்பு முழுவதும் போய்விட்டது, பணம் உடனே வேண்டும்." கோபம் நியாயமானது, ஆனால் படிக்கிற அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மார்ச் 9 மாலை, விற்பனைப் பிரதிநிதி, எந்த மாதமும் இடம் கிடைக்கும் என்றார். என் மனைவி உடனிருந்தார். மே 2, ஜூன் 11, ஆகஸ்ட் 20 ஆகிய தேதிகளில் முன்பதிவு கேட்டேன். மூன்றுக்கும் இடமில்லை என்ற பதில்கள் இணைப்பில். என் பாயிண்ட்டுகளுக்கு உச்ச சீசனே கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக ஜூலையில்தான் சொன்னார்கள்." சொன்னது என்ன, தாளில் இருப்பது என்ன, நடந்தது என்ன என்று மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கிறது. கம்பெனி இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சாட்சிக்கு அன்றைய விளம்பரத் துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப் செய்திகள், வவுச்சர், எல்லாம் ஆகும். எதுவுமே இல்லையென்றால் இப்போதாவது உருவாக்குங்கள்: விற்றவருக்கு, "அன்று நீங்கள் வாடகைக்கு விட்டுத் தருவதாகச் சொன்னீர்களே, எப்போது தொடங்கலாம்?" என்று ஒரு செய்தி. மறுக்காமல் பதில் போட்டாலே அது ஆவணம். புகாரை முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்து, பதிலுக்கு நாள் குறித்துவிட்டு, பிறகு நுகர்வோர் அமைப்புக்குப் போங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் தனியாக எழுதுங்கள், அதற்கு நாள் கணக்கு உண்டு. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளதை கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், விற்றவர் சொன்ன பொய்க்குக் கார்டு கொடுத்தவரையும் பொறுப்பாளியாக்குகிறது.

கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் மதிப்பெண் அடிபடும், வசூல்காரர்கள் வருவார்கள், அப்புறம் புகார் கொடுத்தவர் பாக்கிக்காரர் ஆகிவிடுவார். நிறுத்துவதென்றால் வக்கீலிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

பட்ட காலிலே படும் என்பது இங்கே அப்படியே நடக்கும். வாங்கி ஏமாந்தவர்களின் பட்டியல் யார் கையிலோ போய்ச் சேர்ந்து, போன் வரும்: "உங்க டைம்ஷேருக்கு ஆள் ரெடி, நல்ல விலை, டிரான்ஸ்ஃபர் வரியை மட்டும் முன்னாடி கட்டிடுங்க." ஆளும் இல்லை, வரியும் இல்லை. அமெரிக்க முதியவர்களைக் குறிவைத்து மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டா பகுதியிலிருந்து இந்த வேலையைச் செய்தவர்கள் மீது 2023இல் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. பின்னால் இருந்தது போதைமருந்துக் கும்பல். ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று முன்பணம் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. அப்படி 9 கோடி டாலருக்கு மேல் கறந்ததாக ஒரு குழுமத்தின் மீது 2022இல் அமெரிக்க வர்த்தக ஆணையமும் விஸ்கான்சின் மாநிலமும் வழக்குப் போட்டன. முன்பணம் என்ற சொல் வந்தாலே போனை வைத்துவிடலாம்.

கடைசியாக, புகார் வேலை செய்ய ஆரம்பித்ததும் கம்பெனி தேனாகப் பேசும். "நேர்ல வாங்க, பேசித் தீர்த்துக்கலாம்" என்று கூப்பிட்டு, பழைய திட்டத்துக்குப் பதில் இன்னும் பெரிய திட்டத்தை, இன்னும் கொஞ்சம் பணத்தோடு, தீர்வு என்று நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பழைய புகார் செத்தது, புதுக் கணக்கு ஓடத் தொடங்கும். போகாமல் மின்னஞ்சலில் கேளுங்கள். உண்மையாகவே ரத்து செய்கிறார்கள் என்றால் தாளில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எவ்வளவு திரும்ப வருகிறது, எந்தத் தேதிக்குள், இனி மெயின்டனன்ஸும் கடன் பாக்கியும் பூஜ்யம் என்பது. "புகாரை முதலில் வாபஸ் வாங்குங்கள், பணம் அடுத்த வாரம் வந்துவிடும்" என்பார்கள். பணம் கணக்கில் ஏறட்டும், வாபஸ் கடிதம் அப்புறம்.