மேசன் தேனீக் கூடுகளில் சுண்ணாம்பு நோய்: அக்டோபரில் செய்ய வேண்டிய வேலை

அமெரிக்காவின் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் ஆப்பிள், செர்ரி மரங்களின் மகரந்தச் சேர்க்கைக்காக, காகிதக் குழாய்களிலும் நாணல்களிலும் மண் சுவர் வைத்துத் தனித்தனியாகக் கூடு கட்டும் மேசன் தேனீக்களை வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, சாக்புரூட் எனப்படும் சுண்ணாம்பு நோய். இதற்கு மருந்து கிடையாது. கூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் வழி.

நோய் பரவும் விதம் தெரிந்தால் வேலையின் அவசியம் புரியும். தாய்த் தேனீ சேர்த்து வைத்த மகரந்த உருண்டையோடு அஸ்கோஸ்பேரா பூஞ்சையின் வித்துகளையும் தின்னும் புழு, தன்னைச் சுற்றிக் கக்கூன் எனப்படும் பட்டு உறையைக் கட்டுவதற்கு முன்பே பெரும்பாலும் இறந்துவிடுகிறது. குழாயில் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால், வசந்தத்தில் உள்ளறைத் தேனீ வெளியேற வேண்டுமானால் முன்னறையில் கிடக்கும் அந்தப் பிணத்தைக் கடித்துத் துளைத்தே ஆக வேண்டும். அப்போது உடல் முழுக்க ஒட்டிக்கொள்ளும் வித்துகளைத்தான் அது புதுக் கூட்டுக்கும் கொண்டுபோகிறது.

ஆகவே அக்டோபரில், தேனீக்கள் கக்கூனுக்குள் முழு வளர்ச்சி அடைந்திருக்கும்போது, முகமூடி அணிந்து காகிதக் குழாய்களைப் பிரியுங்கள். நாணலாக இருந்தால் பிளந்துவிடுங்கள். மண் சுவர்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் உருண்டு திரண்டிருப்பது நல்ல கக்கூன். கக்கூன் இல்லாமல், வெளிறியோ கறுத்தோ, வளைந்து காய்ந்த சுண்ணாம்புத் துண்டுபோல் கிடப்பது நோயுற்ற புழு. அதை நசுக்காமல் இடுக்கியால் எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உடைந்தால் வித்துகள் மேசையெல்லாம் பறக்கும்.

நல்ல கக்கூன்களைக் குளிர்ந்த நீரில் அலசினால் மண்ணும் எச்சமும் நீங்கும். நோய் கண்ட கூடுகளிலிருந்து எடுத்தவற்றை மட்டும், சிறிதளவு பிளீச் கலந்த நீரில் சில நிமிடங்கள் வைத்து, பிறகு நல்ல நீரில் கழுவித் துண்டில் உலர்த்த வேண்டும். கக்கூன் நீர் புகாதது என்பதால் உள்ளே இருக்கும் தேனீக்கு ஆபத்தில்லை. உலர்ந்தபின் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். இக்காலப் பெட்டிகள் காற்றை மிகவும் உலர்த்திவிடுவதால், உள்ளே ஒரு ஈரத்துணியும் இருக்கட்டும்.

கடைகளில் அழகாக விற்கும், துளையிட்ட மரக்கட்டைகளை வாங்காதீர்கள். பிரிக்க முடியாத கூட்டைச் சுத்தம் செய்யவும் முடியாது. வித்துகளோ பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். பழைய காகிதக் குழாய்களையும் நாணல்களையும் அப்புறப்படுத்திவிட்டு, வசந்தத்தில் புதியவற்றையே வையுங்கள்.