எந்த மன்றோ? ஆள் மாறாமல் கண்டுபிடிப்பது எப்படி

கேரளாவில் கொல்லம் பக்கம் மன்றோத் துருத்து என்ற தீவுக்குப் போயிருந்தபோது, படகில் உட்கார்ந்துகொண்டு கூட வந்தவர்களுக்கு ஒரு விளக்கம் கொடுத்தேன். நம்ம சென்னை தீவுத்திடலில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மன்றோ பெயர்தான் இந்தத் தீவுக்கும் என்று. துடுப்பு போட்டவர் சிரிக்காமல் திருத்தினார்: அது வேற ஆள், இது திவான் மன்றோ. அதற்கப்புறம்தான் இந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் கொஞ்சம் நின்று, எந்த மன்றோ என்று சரிபார்க்கிற பழக்கம் வந்தது. அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் குழப்பம் ஆங்கிலத்தில் படிப்பவர்களைவிட நமக்குத்தான் அதிகம். ஆங்கிலத்தில் முதல் உயிரெழுத்து 'யூ' என்று ஒருவர் எழுதுவார், 'ஓ' என்று இன்னொருவர் எழுதுவார், கடைசியில் ஒரு 'ஈ' சேர்ப்பவர்களும் உண்டு. தமிழில் எல்லாரும் மன்றோதான், இல்லாவிட்டால் மன்ரோ. அதனால் முடிந்தால் ஆங்கில எழுத்தைத் தேடிப் பாருங்கள். 'யூ' போட்டு, கடைசியில் 'ஈ' இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் சென்னை ராஜதானி ஆட்கள், ஆலிஸ் மன்றோ, கிரிக்கெட்காரர் காலின் மன்றோ. 'ஓ' போட்டு 'ஈ' இல்லையென்றால் எடின்பரோ டாக்டர் குடும்பமாக இருக்க வாய்ப்பு. 'ஓ'வும் 'ஈ'யும் இருந்தால் அமெரிக்கா பக்கம் போங்கள்: ஐந்தாவது ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ, மர்லின் மன்றோ. ஆனால் இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரே ஆளின் பெயரையே இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். மன்றோத் துருத்தின் ஆங்கிலப் பெயரில்கூட 'யூ'வும் இருக்கிறது, 'ஈ'யும் இருக்கிறது!

எழுத்தைவிட நம்பகமானது ஆண்டும் பதவியும். நமக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான், ஏனென்றால் சென்னை ராஜதானி ஆவணங்களில் மன்றோக்கள் கொத்துக்கொத்தாக வருவார்கள்.

1780-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலி படையிடமும் திப்பு படையிடமும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மண்ணைக் கவ்வியது. கர்னல் பெய்லியின் படை அங்கே அழிந்துகொண்டிருக்க, கைக்கெட்டும் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கிய தளபதி ஒரு மன்றோ. சர் ஹெக்டர் மன்றோ. 1764-இல் பக்சாரில் ஜெயித்ததும், 1778-இல் பாண்டிச்சேரியைப் பிடித்ததும் இதே ஆள்தான். அதே படையில், அந்த வருடம் ஜனவரியில்தான் சென்னை வந்து இறங்கிய, பத்தொன்பது வயதுகூட முடியாத ஒரு பொடியனும் இருந்தான். கிளாஸ்கோ வியாபாரியின் மகன் தாமஸ் மன்றோ, பின்னாளில் நம் கவர்னர். போதாக்குறைக்கு அதே போரில் ஹைலாண்டர் ரெஜிமென்ட் ஒன்றில் இன்னஸ் மன்றோ என்று ஒருவர் இருந்தார், அந்தச் சண்டைகளைப் பற்றி 1789-இல் புத்தகமே போட்டார். ஆக 1780 என்று போட்டு வெறுமனே மன்றோ என்றிருந்தால், ஜெனரலா, புதிதாக வந்த பையனா, புத்தகம் எழுதியவரா என்று பார்க்காமல் மேலே படிக்காதீர்கள்.

1792-க்குப் பிறகு கொஞ்சம் சுலபம். பாராமகால், அதாவது இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், 1799 வரை அலெக்சாண்டர் ரீட் என்பவரின் கீழே வரி வசூல் வேலை பார்த்த மன்றோ என்றால் தாமஸ்தான். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் நேராக விவசாயியிடமே வரி போடும் ரயத்துவாரி என்ற பேச்சு வந்தாலும் அவரே. 1800 முதல் 1807 வரை கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் கலெக்டர் என்றாலும் அவரே, மந்திராலயத்தில் ராகவேந்திரர் தரிசனம் கொடுத்த கதை ஒட்டிக்கொண்டதும் இவர் மேல்தான். 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னர், பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். சிலையைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை: குதிரையில் கால் வைக்கும் அங்கவடியை வைக்க மறந்துபோன சிற்பி வருத்தத்தில் உயிரை விட்டார் என்று சொல்வார்களே, நம்ப வேண்டாம். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி லண்டனில் நான்காம் ஜார்ஜுக்குச் செய்த குதிரைச் சிலையிலும் அங்கவடி கிடையாது. அவர் பாணி அது.

1810-க்கு மேல் திருவிதாங்கூர் என்று வந்துவிட்டால் ஆள் மாறிவிட்டது என்று அர்த்தம். அது கர்னல் ஜான் மன்றோ, ரெசிடென்ட் (சமஸ்தானத்தில் கம்பெனியின் பிரதிநிதி), 1811 முதல் 1814 வரை திவானும்கூட. கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில் இருக்கும் தீவு இவர் பெயரில்தான். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான்.

அடுத்த வழி, ஊர்ப்பெயரைப் பிடிப்பது. நம் ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் ஊரை முன்னால் போட்டுப் பிரிப்போம் இல்லையா, ஸ்காட்லாந்துக்காரர்களும் அதையேதான் செய்தார்கள், எஸ்டேட் பெயரைப் பின்னால் போட்டு. மன்றோக்களின் தலைக்கட்டு வீடு வடக்கே ராஸ் பகுதியில் இருக்கும் ஃபவுலிஸ் கோட்டை. ஹெக்டர் 'நோவர்' மன்றோ. திவான் ஜான் 'டீனினிக்' மன்றோ. ஹெக்டர், ஹியூ, ராபர்ட், ஜான் என்று முதல் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகத் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறார்கள், அதனால் முதல் பெயர் உதவும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 1817-இல் டீனினிக்கில் விஸ்கி ஆலை தொடங்கிய ஹியூ ஒருவர், மலைகளைப் பட்டியல் போட்ட ஹியூ இன்னொருவர்.

நோவர் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1781-இல் ஹெக்டர் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அப்புறம் தன் ஊருக்கு மேலே ஃபைரிஷ் குன்றின் உச்சியில், நாகப்பட்டினம் கோட்டை வாசலின் சாயல் என்று சொல்லப்படும் வளைவுகளைக் கட்டவைத்தார், வேலையில்லாமல் கஷ்டப்பட்ட உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுப்பதற்காக என்பார்கள். இன்றும் அங்கே மலையேறுகிறவர்கள் நாகப்பட்டினம் வாசலுக்குத்தான் போகிறார்கள்!

சரி, ஒரே குடும்பப் பெயர் என்பதால் எல்லாரையும் சொந்தக்காரர்கள் ஆக்கிவிடாதீர்கள். தலைவன் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவன் பெயரையே வைத்துக்கொண்ட காலம் உண்டு. கல்யாணத்தில் வந்த பெயரும் உண்டு: 2013-இல் நோபல் வாங்கிய கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ பிறந்தது லெய்ட்லா வீட்டில், மன்றோ என்பது முதல் கணவர் பெயர், பிரிந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டார். மர்லின் மன்றோ சினிமாவுக்காக எடுத்துக்கொண்டது தன் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை. நியூசிலாந்துக்கு ஆடிய காலின் மன்றோ பிறந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பனில்.

டாக்டர்கள் விஷயத்தில் முதல் பெயரும் கைகொடுக்காது. அலெக்சாண்டர் மன்றோ என்று அப்பா, மகன், பேரன் மூன்று பேரும் 1720 முதல் 1846 வரை எடின்பரோவில் உடற்கூறியல் பேராசிரியர்கள். அவர்களையே லத்தீனில் பிரைமஸ், செகண்டஸ், டெர்ஷியஸ் என்று எண் போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். மூளையில் இருக்கும் 'மன்றோ துளை' நடுவில் உள்ளவருடையது. பிணத்தை விற்பதற்காகவே கொலை செய்த வில்லியம் பர்க்கைத் தூக்கிலிட்ட பிறகு 1829-இல் அவன் உடலை அறுத்துக் காட்டியவர் பேரன்.

தலைகீழ்ச் சிக்கலும் ஒன்று உண்டு, மன்றோ என்றே தெரியாமல் மறைந்திருப்பது. சாகி என்ற பெயரில் குறும்புக் கதைகள் எழுதியவர் ஹெக்டர் ஹியூ மன்றோ. 1870-இல் பர்மாவின் அக்யாப்பில் பிறந்தவர், 1916-இல் பிரான்ஸ் போர்முனையில் செத்தார். பெயரைப் பார்த்துப் பக்சார் ஹெக்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், நடுவில் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

கடைசியாக, ஸ்காட்லாந்தில் யாராவது "நான் நாற்பது மன்றோ முடித்துவிட்டேன்" என்றால் பயந்துவிடாதீர்கள், அது ஆள் இல்லை. 3,000 அடிக்கு மேல் உயரமான ஸ்காட்லாந்து மலை ஒவ்வொன்றும் ஒரு மன்றோ, இன்றைய கணக்குக்கு 282. 1891-இல் முதல் பட்டியலைப் போட்டவர் 'லிண்டர்டிஸ்' ஹியூ மன்றோ. முதலில் எல்லாவற்றையும் ஏறி முடித்ததாகப் பெயர் வாங்கியவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார், 1901-இல். பட்டியல் போட்ட மன்றோ, ஸ்கை தீவில் உள்ள ஒரு செங்குத்துப் பாறை உட்பட மிகச் சிலதை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு 1919-இல் போய்ச் சேர்ந்தார்.